விமானத்தின் அடிப்பக்கம்



ஞெகிழித் துண்டுகளை ஒட்டி மாதிரி விமானம் செய்வதும், அதற்கு வண்ணம் பூசுவதும், பின்னர் அவ்வண்ணத்தை வேண்டுமென்றே அழுக்காக்குவதும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன் எழுத வேண்டிய பொருளா என்று சிலர் வினவக்கூடும். கெடா மாநிலத்துத் தமிழரிடையே இப்பொழுதுபோக்கு உடையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும் பல ஆண்டுகளாக மாணவர் சிலரை அமர்த்திக்கொண்டு பிற்பகல்களில் இவ்வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. போர்க்கால விமானத்தின் மாதிரியைச் செய்யும் நம் பிள்ளைகள் அதன் அடிப்பக்கத்திலிருந்துதான் வண்ணம் பூசத் தொடங்க வேண்டும். இது தொழில்நுட்பக் குறிப்பு போல் தோன்றும். முழுவதும் அப்படியன்று என்பதை விளக்கவே இதனை எழுதுகிறேன்.

முதலில் விமானத்தைப் பற்றிச் சில சொற்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ஜப்பானியக் கடற்படையின் ஐச்சி இ13ஏ என்னும் மிதவை விமானம். நீரில் இறங்கும் விமானங்கள் இரு வகைப்படும். உடலே படகாக அமைந்து நீரில் மிதப்பது படகு விமானம். உடலுக்கு அடியில் தனியே மிதவைகள் பூட்டியது மிதவை விமானம். ஐச்சி இரண்டாம் வகை. மூவர் அமர்வர், இரண்டு நீண்ட மிதவைகள், இறக்கைகளின் அகலம் 14.5 மீட்டர். எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறுக்கினால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரும். ஒரு மாணவனின் இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். நேசநாட்டினர் இதற்கு 'ஜேக்' என்று குறிப்பெயர் இட்டிருந்தனர்.

இவ்விமானத்தை ஏன் தேர்ந்தோம் என்பதற்குக் காரணம் உண்டு. மலாயாவுக்கு வந்த போரின் முதல் மோதலில் இதற்குப் பங்கிருந்தது. 1941 டிசம்பர் 7 காலை, சிங்கப்பூர் செலேத்தாரில் இருந்த பிரித்தானிய வான்படையின் 205ஆம் அணியைச் சேர்ந்த கேட்டலினா படகு விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பல்களைத் தேடிச் சயாம் வளைகுடாவின் மேல் பறந்துகொண்டிருந்தது. காமிகாவா மாரு என்னும் தாய்க்கப்பலிலிருந்து கிளம்பிய ஓர் ஐச்சி அதனைக் கண்டு தாக்கியது. பின்னர் வந்த ஜப்பானியத் தரைப்படைப் போர்விமானங்கள் கேட்டலினாவை வீழ்த்தின. அதில் இருந்த எண்மரும் மாண்டனர். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்கு அரை நாளுக்கும் மேல் முன்பாகவே இது நிகழ்ந்துவிட்டது. கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியதும் பேர்ல் ஹார்பருக்கு முன்னர்தான். பசிபிக் போர் ஹவாயில் தொடங்கியது என்று நம் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் உண்டாகும்.

இனி வண்ணத்துக்கு வருவோம். போரின் பிற்பகுதியில் இவ்விமானங்கள் மேற்பக்கம் கரும்பச்சையும் அடிப்பக்கம் வெளிர்சாம்பலுமாக இருந்தன. தமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-11 பச்சையும் எக்ஸ்எஃப்-12 சாம்பலும் இதற்கென்றே கலந்தவை. வண்ணப் புட்டிகளைச் சுங்கைப் பட்டாணியில் தேடிக் கிடைக்காவிட்டால் பினாங்குக்குச் செல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஏர்பிரஷ். மாணவர் முறைவைத்துப் பயன்படுத்துவர். மழைக்காலப் பிற்பகலில் லாக்கர் வண்ணம் தெளித்தால் பூச்சின் மேல் பால்போல் வெண்மை படரும். கரைப்பான் விரைந்து ஆவியாகையில் பூச்சு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொள்வதே காரணம். ஆகையால் மழை வந்தால் வண்ணம் பூசுவதில்லை என்பது எங்கள் விதி. மாணவர்க்கு இவ்விதியில் மகிழ்ச்சியே. திடலுக்கு ஓடிவிடுவர், மழையென்றும் பாரார்.

பழமையேற்றுதல் என்று நான் வழங்குவது இதற்குப் பின் வரும் வேலை. வெயிலில் வெளிறியது, உப்புநீர் தின்றது, எண்ணெய் ஒழுகியது, புகை படிந்தது, மிதிபட்டுத் தேய்ந்தது ஆகிய எல்லாவற்றையும் சிறிய அளவில் காட்டுதல். இதில் நான் மாணவரிடம் வற்புறுத்துவது ஒன்றுதான்: காரணம் சொல்ல முடியாத கறையை வைக்காதே.

எங்கள் மாணவன் ஒருவன் விமானத்தின் வால் சுக்கானில் வெள்ளிநிறப் பொட்டுகளை அள்ளித் தெளித்திருந்தான். வண்ணம் உரிந்து அலுமினியம் தெரிகிறதாம். சுக்கான் துணி போர்த்தியது. துணியில் ஏது அலுமினியம்? இன்னொருவன் இறக்கையில் செந்நிறத் துரு பூசினான். லயத்துத் தகரக் கூரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. உலோகம் என்றால் துரு என்று நினைத்துவிட்டான். அலுமினியம் செந்துரு பிடிக்காது; உப்புக் காற்றில் வெண்பொடியாகப் பூக்கும். அவனை வீட்டுக்கு அனுப்பி, பழைய அலுமினியப் பாத்திரத்தின் அடியைப் பார்த்துவரச் சொன்னேன். மறுநாள் பாத்திரத்தையே கொண்டுவந்துவிட்டான். அவன் தாயார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

உண்மையில் இக்கலைக்குத் தேவையான பாடங்கள் அனைத்தும் தோட்டத்திலேயே கிடக்கின்றன. பால்மரத்து மங்கின் விளிம்பில் காய்ந்த பாலின் கோடு, மிதவையில் நீர்மட்டம் விட்டுச்செல்லும் உப்புக் கோட்டுக்குப் பாடம். பழைய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் முனையில் நடுவில் சாம்பலும் ஓரத்தில் கருமையுமாகப் படிவதைப் பார்த்தவனுக்கு விமானத்தின் புகைக்கறையைக் கற்பிக்க வேண்டியதில்லை. சாயம் பூசிய பலகைச் சுவரில் வெயில் படும் பக்கம் வெளிறியும், கூரை நிழல் விழும் மேல்விளிம்பு பழைய நிறத்தோடும் இருக்கும். இறக்கையின் மேற்பக்கமும் வாலுக்கு அடியில் உள்ள நிழற்பகுதியும் அவ்வாறே. அடுப்புக்கரியைத் தேய்த்துப் புகையாக்குகிறோம். வெண்கட்டித் தூளை நீரில் குழைத்து உப்பாக்குகிறோம். வெள்ளி பூசி, ஹேர் ஸ்பிரே அடித்து, அதன்மேல் பச்சை பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்தால் பச்சை செதில் செதிலாக உரியும். போரின் பிற்பகுதியில் பல ஜப்பானிய விமானங்களில் அடிப்பூச்சு இன்றி அலுமினியத்தின் மேல் நேரே பூசிய வண்ணம் இப்படித்தான் உரிந்தது; பழைய நிழற்படங்களில் காணலாம். ஆயினும் இதில் ஒரு மயக்கம் உண்டு. உரிப்பது இன்பமாக இருப்பதால் பிள்ளைகள் நிறுத்துவதில்லை. பெரியவர்களும் நிறுத்துவதில்லை. கண்காட்சிகளுக்குச் சென்றால், ஈராண்டு பறந்த விமானத்தை இருநூறாண்டு கடலில் கிடந்ததுபோல் செய்து வைத்திருப்பர். பாலாவ் தீவில் உண்மையாகவே ஓர் ஐச்சி ஆழமற்ற கடலடியில் கிடக்கிறது. அதன்மேல் பவளம் வளர்ந்திருக்கிறது. அதைச் செய்ய விரும்பினால் பவளத்தையும் சேர்த்துச் செய்யட்டும்.

கறைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் எவ்வளவு தொலைவு இட்டுச்செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாணவி ஒருத்தி கேட்டலினா செய்ய விரும்பினாள். அவ்விமானங்கள் இலங்கையின் கொக்கலையிலும் திருகோணமலையிலும் இருந்தன. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும் இருந்தன. புழல் ஏரி என்றும் அதற்குப் பெயர். சென்னை மாநகர் குடிக்கும் அவ்வேரியில் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையின் 240ஆம் அணி கேட்டலினாக்களை நிறுத்தியிருந்தது. அவள் செங்குன்றத்துக் கேட்டலினாவையே செய்தாள். வயிற்றில் உப்புக் கோடு வைக்கலாமா என்று கேட்டாள். ஏரி நன்னீராயிற்றே! நீர்மட்டத்தில் பச்சைப் பாசிநிறக் கோடு ஒன்றை மட்டும் மெல்லியதாக இழுத்தாள். நான் சொல்லித்தந்தது அன்று. அவளாகவே எண்ணிச் செய்தது. அன்று எனக்கு உண்டான நிறைவு தேர்வு முடிவுகள் வரும் நாளிலும் உண்டானதில்லை.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டு பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தோம். எங்கள் முதல் ஐச்சி நடுமேசையில் இருந்தது. நானும் மூன்று மாணவரும் பல வாரங்கள் உழைத்தது. மேற்பக்கப் பச்சையில் நான்கு விதமான வெளிறல் காட்டியிருந்தோம். விமானி ஏறி இறங்கும் இறக்கையடியில் தேய்மானம், மிதவையின் மேல் காற்றாடிக்கு எச்சரிக்கையாக இடும் சிவப்புக் கோடு, அக்கோட்டின்மேல் உப்பு. காலையிலேயே பெற்றோர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், அந்தச் சிவப்பு வட்டம் வேண்டாமே. நம்ம சனங்க சயாமுக்குப் போயி செத்தாங்க. இத ஏன் பள்ளிக்கூடத்துல வைக்கிறீங்க?" என்றார். அவர் சினத்தில் நியாயம் இருந்தது. சயாம் மரண இரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் மடிந்த ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் பேர் வரை இருப்பர் என்பது பொதுவாகக் கூறும் கணக்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கெடாவில் அப்பாதையில் ஒருவரையேனும் இழக்காத தோட்டம் அரிது. நான் அவருக்கு, வட்டத்தை எடுத்துவிட்டால் இது யாருடைய விமானம் என்று பிள்ளைகள் கேட்கமாட்டார்களே என்று மட்டும் மறுமொழி சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நண்பகலில் மாணவன் ஒருவன் தன் கொள்ளுப்பாட்டியை அழைத்துவந்தான். எழுபத்தாறு வயது. பால்வெட்டி ஓய்ந்த கைகள். விமானத்தை நெடுநேரம் பார்த்தார். ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி நான் அருகில் நின்றேன்.

"வாத்தியாரே, மேல எல்லாம் பச்சையா இருக்குதே. இத யாரு பாத்தா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நாங்க பால்மரத்துக்கு அடியில படுத்துக்கிட்டுப் பாத்தோம். எங்களுக்கு வயிறுதான் தெரிஞ்சிச்சு. ரெண்டு பக்கமும் ரெண்டு செவப்பு. கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

திருப்பிக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அடிப்பக்கத்தில் ஒரே பூச்சுச் சாம்பல், பசை பட்ட கைரேகை ஒன்று, வேறொன்றுமில்லை. மேசையில் வைக்கும் பொருளின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இறக்கைகளின் கீழ் ஒட்ட வேண்டிய சிவப்பு வட்டங்களைக்கூட நாங்கள் ஒட்டவில்லை. அவை பெட்டிக்குள் தாளிலேயே இருந்தன.

"வயித்துல ஒண்ணுமே இல்லையே" என்றார் பாட்டி. பின்னர் இறக்கையின் கீழே வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். இரண்டு இறக்கையிலும் வைத்தார். இடம் சரியாக இருந்தது. அவருடைய தந்தையார் 1943இல் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை என்பதைப் பேரன் எனக்குப் பிறகு சொன்னான்.

அவர் சிறுமியாகக் கண்டது மிதவை விமானமாக இருந்திராது. 1941 டிசம்பர் 8 காலை சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தைத் தாக்கியவை தரையிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள். அலோர் ஸ்டார் தளத்தையும் அவை விடவில்லை. நான்கைந்து நாளில் ஜித்ராவில் பிரித்தானியப் படை தோற்றுப் பின்வாங்கியது. 19ஆம் நாள் பினாங்கு ஜப்பானியர் கையில். பின்னர் பினாங்குத் துறைமுகம் அவர்களுக்கு நீர்மூழ்கித் தளமாயிற்று. ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் அங்கு வந்து தங்கின. ஜெர்மானியரின் ஆராடோ 196 மிதவை விமானம்கூட ஜப்பானியச் செவ்வட்டத்தோடு அங்கிருந்து பறந்திருக்கிறது. 1943 அக்டோபரில் கெடாவைத் தாய்லாந்துக்குக் கைமாற்றினார்கள். நிலத்தின் ஆட்சி மாறியது. கோல மூடாக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்குத் தெரிந்த வட்டம் மாறவில்லை. எந்த விமானமாக இருந்தாலும் கீழிருந்து பார்த்தவர் கண்டது அதைத்தான்.

அன்றிரவு நான் என்னிடமிருந்த மாதிரி விமான நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படங்களும் மேலிருந்து அல்லது பக்கவாட்டிலிருந்து எடுத்தவை. பெட்டியின்மேல் உள்ள ஓவியத்தில் விமானம் நம் கண்மட்டத்தில், இன்னொரு விமானத்திலிருந்து பார்ப்பதுபோல் பறக்கிறது. இக்கலையை வளர்த்தவர்கள் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஆவர். விமானத்தை ஓட்டியவர்களின் நாடுகள். அவர்கள் மேலிருந்து பார்ப்பதில் வியப்பில்லை. நாமும் ஏன் அப்படியே பார்க்க வேண்டும் என்பதுதான் என் வினா. நம் முன்னோரில் அன்று விமானத்துக்குள் இருந்தவர் யார்? பெரும்பாலோர் மரத்தடியில் அல்லவா இருந்தனர்!

கீழிருந்து பார்ப்பது மெல்லுணர்ச்சி வாதம் என்று எண்ணவேண்டா. போரிட்டவர்களே அதற்கு அஞ்சினர். பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் பொட்டு உண்டு. தென்கிழக்காசியப் போர்முனையில் அச்சிவப்பை நீக்கிவிட்டு நீலத்தின் இரு வகைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கரும் 1942இல் தம் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பை நீக்கினர். சிவப்பாக எதைக் கண்டாலும் தம் வீரரே சுட்டுவிடுவர் என்ற அச்சம். ஆகவே செங்குன்றத்துக் கேட்டலினாவில் சிவப்பு வைத்தால் பிழை. ஐச்சியில் சிவப்பை விட்டால் பிழை. அடிப்பக்கத்து வட்டம் இரண்டுக்கும் இவ்வளவு பொருள் இருந்திருக்கிறது. நாங்களோ அதைத் தாளிலேயே விட்டுவைத்திருந்தோம்.

தொழில் நோக்கில் பார்த்தாலும் அடிப்பக்கமே கற்றுக்கொள்ள ஏற்றது. மேற்பக்கத்தை வெயில்தான் பெரிதும் தீண்டுகிறது. அடிப்பக்கத்திலோ எல்லாம் வந்து சேரும். ஐச்சியின் மூக்கில் பதினான்கு உருளைகள் கொண்ட கின்செய் பொறி; அவ்வகைப் பொறி எண்ணெய் கசியாமல் இராது. கசிந்த எண்ணெய் காற்றோட்டத்தில் வயிற்றின் வழியே வாலை நோக்கி நீளும்; அக்கோடு முன்னே தடித்தும் பின்னே மெலிந்தும் இருக்கும். மிதவைகள் நீரைக் கிழித்து ஏறும்போது தெறிக்கும் உப்புநீர் இறக்கையின் கீழ்ப்புறத்தில்தான் அறையும். கரைக்கு இழுத்து ஏற்றும்போது மிதவையின் அடி உராயும். வெளிர்சாம்பல் நிறத்தில் எக்கறையையும் மறைக்க முடியாது. மாணவனின் கை அவசரப்பட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பச்சையில் ஆயிரம் பிழை மறையும்.

வட்டத்தை இப்போது ஒட்டுப்படமாக ஒட்டுவதில்லை. கவராயத்தால் தாளில் வட்டம் வெட்டி, அதை மறைப்பாக வைத்துச் சிவப்பைத் தெளிக்கிறோம். ஒட்டுப்படம் ஒரே பளிச்சென்ற சிவப்பாக நிற்கும். தெளித்த சிவப்பின்மேல் எண்ணெய்க் கோட்டையும் உப்பையும் இயல்பாக ஏற்றலாம். அதில் ஒரு வரம்பும் உண்டு. வட்டத்தை மிகவும் மங்கச் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அடிப்பக்கத்துச் சிவப்பு நேர்வெயில் படாததால் மேற்பக்கத்து அளவுக்கு வெளிறாது என்பது மாணவர்க்கு நான் கூறும் காரணம். இன்னொரு காரணமும் என் மனத்தில் உண்டு. அதை வகுப்பில் கூறியதில்லை.

இப்படிச் செய்தபின் அதை மேசையில் வைத்தால் பொருளில்லை. தூண்டில் நரம்பில் கட்டிக் கூரையில் தொங்கவிடுகிறோம். ஆசிரியர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இத்தனை நாள் உழைத்ததை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் யார் பாராட்டுவர் என்கிறார்கள். பரிசுக்கு அனுப்பும்போது நடுவர்கள் தம் வழக்கப்படி மேலிருந்துதான் மதிப்பெண் இடுவர் என்பதும் உண்மையே. அதற்காக ஒரு மாணவன் மேற்பக்கத்தையும் நன்றாகச் செய்ய விரும்பினால் நான் தடுப்பதில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் அடிப்பக்கம். அது முடியாமல் பச்சைப் புட்டியைத் திறக்க விடுவதில்லை. சிவப்பு வட்டத்தை எதிர்த்த அந்தப் பெற்றோர் ஒருமுறை வந்து தொங்கும் விமானத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தம் மகனைத் தோளில் கைவைத்து அதற்கு நேர்கீழே நிறுத்திச் சிறிது நேரம் அண்ணாந்து பார்க்கச் செய்தார். அவனிடம் என்ன கூறினார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

பாட்டிக்கு அதைக் காட்ட இயலவில்லை. நாங்கள் அடிப்பக்கம் முடித்த இரண்டாவது ஐச்சி தொங்குவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவ்விமானம் இன்றும் பள்ளியில் தொங்குகிறது. மேற்பக்கப் பச்சையில் தூசி படிந்திருக்கிறது. ஏணி வைத்துத் துடைக்க யாரும் ஏறுவதில்லை.